டாக்டர் பவானும் வௌவால்களும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வௌவால் மூலம் மனிதருக்கு ரேபிஸ் பரவுவதை நிறுவியவர் டிரினிடாட் மருத்துவர் ஜோசப் லெனாக்ஸ் பவான் என்று சென்ற கட்டுரையில் போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். பிரேசிலில் கரீனி என்ற ஆய்வாளர் 1911லேயே ரேபிஸைப் பரப்புவது வௌவாலாக இருக்கலாம் என்று சொல்லிவிட்டாரே? அப்புறம் பவானுக்கு என்ன பெருமை?

ர.

அன்புள்ள ர.,

கரீனி சொன்னது உண்மைதான். ஆனால் அவர் கையில் இருந்தது செத்த மாடுகளின் கதை. வௌவால் அதில் ஒரு சந்தேகம், நல்ல சந்தேகம். பவானுக்கு வந்த சிக்கல் வேறு.

1929ல் டிரினிடாடில் ஆட்கள் சாகத் தொடங்கினார்கள். கால் மரத்துப்போகும், நடை விழும், வாதம் மெல்ல மேலேறும், சில நாளில் முடிந்துவிடும். போலியோ என்றார்கள். 1925லிருந்தே மாடுகளும் இப்படி விழுந்துகொண்டிருந்தன; அதற்குத் தீவன நஞ்சு என்று ஒரு தனி விளக்கம். இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. ரேபிஸ் என்று தோன்றவும் வழியில்லை. தீவின் நாய்களிடம் அப்போது வெறிநோய் கிடையாது, நோயாளிகளும் எதுவும் கடித்ததாகச் சொல்லவில்லை. 1931ல் ஹர்ஸ்ட் என்ற ஆய்வாளரும் பவானும் லான்செட் மருத்துவ இதழில் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே இது வருகிறது: கடிபட்ட வரலாறு இல்லாத ரேபிஸ்!

கடி இருக்கத்தான் செய்தது. ரத்தம் குடிக்கும் வௌவால், தூங்குகிறவரின் கால்விரலில் துளி தோலைச் சீவி, கசியும் ரத்தத்தை நக்கிவிட்டுப் போய்விடும். பெரிதாக வலிக்காது. காலையில் பார்த்தால் ஒரு சிறு காயம். இதைப் போய் யார் டாக்டரிடம் சொல்வார்கள்?

போலியோ என்று எழுதிவைத்த உடல்களின் மூளையில் பவான் ரேபிஸின் அடையாளமாக நரம்புச் செல்களுக்குள் தெரியும் நெக்ரி பொருட்களைக் கண்டார். பிறகு வௌவால்களைப் பிடித்து அவற்றின் மூளையிலும் தேடினார். கூண்டு வௌவால்களை ஆய்வக விலங்குகளைக் கடிக்கவிட்டு, நோய் தொற்றுவதையும் காட்டினார். கரீனி விட்ட இடத்திலிருந்து இவ்வளவு தூரம்! இதைத்தான் பெருமை என்கிறேன்.

அவர் சொன்னதெல்லாம் நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நோய் வராமலேயே வௌவால்கள் மாதக்கணக்கில் வைரஸைப் பரப்பும் என்று பவான் நம்பினார். பிற்கால ஆய்வாளர்கள் அதை ஏற்கத் தயங்குகிறார்கள். முடிந்தால் அவருடைய 1936ஆம் ஆண்டுக் கட்டுரைகளைத் தேடி வாசித்துவிட்டு எழுதுங்கள், பேசுவோம்.