பழைய ட்யூனர் வாங்கப் போகிறீர்களா? முதலில் மொட்டை மாடிக்குப் போங்கள்

(ரேடியோ, ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் பற்றிய வாசகர் கேள்விகளுக்குக் காரைக்குடி ரேடியோ மெக்கானிக் ஒருவர் பதில் சொல்லும் பகுதி)

கேள்வி: எங்கள் அப்பச்சி 1980-களில் வாங்கிய காஸ்மிக் ஆம்ப்ளிஃபயரும் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளும் எங்கள் வளவு வீட்டில் இருக்கின்றன. இன்னும் நன்றாகவே பாடுகின்றன. அதோடு சேர்த்து வைக்க வெள்ளி நிற முகம் உள்ள பழைய ட்யூனர் (வானொலி நிலையத்தைப் பிடித்து ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுக்கும் பெட்டி) ஒன்று வாங்க ஆசை. மூன்று கண்ணில் பட்டிருக்கின்றன. ஒன்று ஜப்பானிலிருந்து வந்தது, பார்க்கப் புதுக்கருக்கு கலையாமல் இருக்கிறது. இரண்டாவது, என் மகன் அமெரிக்காவில் ஒரு பழைய சாமான் கடையில் பார்த்தது, எண்கள் ஒளிரும் டிஜிட்டல். மூன்றாவது, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழைய சாமான் கடை ஒன்றில் இருக்கிறது. சிங்கப்பூரிலிருந்து வந்த சாமான் என்கிறார்கள். மேல் தகட்டில் கீறல், ஒரு குமிழும் இல்லை. எதை வாங்கலாம்?
வாசகி, கானாடுகாத்தான்

பதில்: குமிழ் இல்லாததை வாங்குங்கள் ஆச்சி. ஆனால் ஓடவிட்டுப் பார்த்துவிட்டு.

ஜப்பான் பெட்டியின் டயலை ஒரு தரம் உற்றுப் பாருங்கள். 76-இல் தொடங்கி 90-இல் முடிந்திருக்கும். அந்தக் காலத்தில் அந்த ஊர் எஃப்.எம். பட்டை அவ்வளவுதான். நமக்கு 88-லிருந்து 108 மெகாஹெர்ட்ஸ் வரை. மதுரை வானொலி 103.3, திருச்சி ரெயின்போ 102.1, கொடைக்கானல் 100.5. எதுவுமே அந்த டயலில் இல்லை. எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அது இங்கே இரைச்சலைத்தான் பாடும். அலைவரிசையை இறக்கிக் கொடுக்கும் சின்னப் பெட்டிகள் காருக்கென்று விற்கின்றன. நல்ல ட்யூனருக்கு முன்னால் அதைப் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. போதாக்குறைக்கு ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் அன்றைக்கே கதை முடிந்தது.

ஏற்றுமதிக்கென்று ஜப்பான் கம்பெனிகள் செய்த பெட்டிகள் வேறு. பயனியர், சான்சுயி, கென்வுட், யமஹா எல்லாம் வெளிநாடுகளுக்கு 88–108 டயலோடுதான் அனுப்பின. ஆகவே கம்பெனிப் பெயரைப் பார்க்காதீர்கள், எந்த ஊரில் விற்பதற்காகச் செய்தது என்று பாருங்கள்.

அடுத்தது அமெரிக்கப் பெட்டி. டயல் சரியாக இருக்கும். மின்சாரம் 120 வோல்ட், அதற்கு ஒரு ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் போதும். ட்யூனர் ஆம்ப்ளிஃபயர் மாதிரி கரண்ட் குடிக்காது, 100 வாட் டிரான்ஸ்ஃபார்மரே தாராளம். சிக்கல் அந்த ஒளிரும் எண்களில்தான். முள்ளை நகர்த்தும் பழைய ரகம் எந்த இடத்திலும் நிற்கும். டிஜிட்டல் ரகம் படிப்படியாகத் தாவும். அமெரிக்காவில் எஃப்.எம். நிலையங்கள் 200 கிலோஹெர்ட்ஸுக்கு ஒன்று, அதுவும் புள்ளிக்குப் பின் ஒற்றைப்படை எண்ணில்தான் வரும். அந்தப் படியில் மட்டும் தாவும் பெட்டி என்றால் 100.5 கிடைக்கும், சூரியன் எஃப்.எம். 93.5 கிடைக்கும், ஹலோ எஃப்.எம். 106.4-இல் உட்காராது. 106.3 அல்லது 106.5-இல் நின்று கரகரக்கும். மீடியம் வேவிலும் இதே கதைதான். நமக்கு 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி, அவர்களுக்கு 10. மதுரை 1269-ஐ 1270-இல் வைத்துச் சமாளிக்கலாம். திருச்சி 936? 940-இல் வைத்தாலும் 4 கிலோஹெர்ட்ஸ் தள்ளித்தான் நிற்கும். சில பெட்டிகளில் 9, 10 மாற்றும் சுவிட்ச் பின்னால் இருக்கும். மகனைப் பின்பக்கத்தை ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

அமெரிக்கப் பெட்டியில் இன்னொன்று. ஒலிபரப்பும்போது உயர் ஸ்தாயியைத் தூக்கி அனுப்புவார்கள், ட்யூனர் அதை அதே அளவு இறக்கிக் கொடுக்க வேண்டும். அமெரிக்காவில் அந்த அளவு 75 மைக்ரோசெகண்ட், இங்கே 50. அங்கத்திய பெட்டி இங்கே கொஞ்சம் மந்தமாகப் பாடும். தாளமும் சலங்கையும் ஒரு திரைக்குப் பின்னாலிருந்து வருவது போல இருக்கும். உள்ளே இரண்டு கண்டன்சர் மாற்றினால் சரியாகிவிடும். பெரிய வேலை இல்லை, ஆனால் தெரிந்து வாங்க வேண்டும்.

சிங்கப்பூர், மலேயாப் பக்கம் விற்ற பெட்டிகளுக்கு இந்தத் தொல்லைகள் கிடையாது. மின்சாரமும் டயலும் நம்முடையது போலத்தான். இந்தப் பக்கத்துக் குடும்பங்கள் கொண்டுவந்து பரணில் வைத்த ட்யூனர்கள் இன்றைக்கும் தெருவுக்கு வந்துகொண்டிருக்கின்றன. பின்பக்கம் வோல்ட் மாற்றும் சின்ன வட்டம் இருந்தால் அது 220 அல்லது 240-இல் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். பார்க்காமல் பிளக்கைச் செருக விடாதீர்கள்.

கடையில் பார்க்க வேண்டியது இவ்வளவுதான். முக்கால் மீட்டர் வயர் ஒன்றைக் கையோடு கொண்டுபோய் ஏரியல் திருகில் மாட்டுங்கள். மியூட்டிங் பொத்தானை (நிலையம் இல்லாத இடத்தில் இரைச்சலை அடக்குவது) அணைத்துவிட்டு, முள்ளை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை மெதுவாக நகர்த்துங்கள். நகரும்போது ‘கர் கர்’ என்று வந்தால், நிலையம் மாற்றும் கேங் கண்டன்சரின் அச்சைத் தொடும் தகடுகளில் அழுக்கு. துடைத்தால் போய்விடும். நல்ல ட்யூனரில் இரண்டு மீட்டர் இருக்கும். ஒன்று சிக்னலின் பலத்தைக் காட்டும், மற்றது நிலையத்தின் நடுவில் நிற்கிறோமா என்று காட்டும். சிக்னல் மீட்டர் உச்சிக்குப் போகும் அதே இடத்தில் மற்ற மீட்டரின் முள் நட்டநடுவில் நிற்க வேண்டும். ஒன்று உச்சியில் இருக்கும்போது மற்றது ஓரத்தில் இருந்தால் அலைன்மென்ட் (உள்ளே சுற்றுகளின் சுருதி) விட்டுப்போயிருக்கிறது. இது சரிசெய்யக்கூடியதுதான், விலையில் குறைத்துக் கேளுங்கள். ஸ்டேஷனே இல்லாத இடத்தில் ஸ்டீரியோ விளக்கு எரிந்தால் வேண்டாம் என்று வந்துவிடுங்கள். அப்புறம், ஒரு நிலையத்தை வைத்துவிட்டு அரை மணி நேரம் பேச்சுக் கொடுங்கள். டீ வரவழைத்துக் குடியுங்கள். சூடேறிய பிறகும் நிலையம் வைத்த இடத்திலேயே இருந்தால் வாங்கலாம்.

விளக்கு எரியாதது, டயல் நூல் அறுந்தது, குமிழ் இல்லாதது எல்லாம் குறையே அல்ல. குமிழைக் கடைசல்காரரிடம் அலுமினியத்தில் கடைந்து வாங்கலாம்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் ஆம்ப்ளிஃபயரில் ‘ட்யூனர்’ அல்லது ‘ஆக்ஸ்’ என்று எழுதிய துளையில் செருகுங்கள். இசைத்தட்டுக்கான ‘ஃபோனோ’ துளையில் செருகினால் காது கிழியும். அந்தக் காலத்து ஆம்ப்ளிஃபயர் சிலவற்றில் ஐந்து முள் வட்டத் துளைதான் இருக்கும், அதற்கு மாற்று வயர் கிடைக்கிறது.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். உங்கள் வளவு முற்றத்துக்கு மேலே இரும்புக் கம்பி வலை போட்டிருந்தால், அதற்குக் கீழே எந்த ட்யூனரும் பாதி சக்தியில்தான் வேலை செய்யும். எஃப்.எம். அலை ஒன்றின் நீளம் கிட்டத்தட்ட மூன்று மீட்டர், அந்தச் சின்னச் சின்னக் கண்ணிகளுக்குள் நுழையாது. ஏரியலை மொட்டை மாடிக்கு ஏற்றுங்கள். டிஷ் டிவிக்குப் போடும் அதே கேபிள் போதும்.


கேள்வி: கொடைக்கானல் 100.5 வைத்தால் திடீரென்று காரைக்கால் பண்பலை உள்ளே வந்துவிடுகிறது. சூரியன் எஃப்.எம்.மில் சில நேரம் மதுரை விளம்பரம், சில நேரம் திருச்சி விளம்பரம். ட்யூனர் கோளாறா? விலை கூடியது வாங்கினால் சரியாகுமா?
வாசகர், தேவகோட்டை

பதில்: நீங்கள் சொல்வது இரண்டு வெவ்வேறு வியாதிகள்.

காரைக்கால் 100.3, கொடைக்கானல் 100.5. நடுவில் 200 கிலோஹெர்ட்ஸ்தான். நம் பக்கத்திலிருந்து கொடைக்கானல் மேற்கே, காரைக்கால் வடகிழக்கே. ஆகாய வழியில் இரண்டும் ஏறக்குறைய 150 கிலோமீட்டர். கொடைக்கானல் மலை உச்சியிலிருந்து வருவதால் சாதாரண நாளில் ஜெயித்துவிடும். காற்று அசையாத இரவுகளிலும் விடியற்காலையிலும் கடலோர அலைகள் வழக்கத்தைவிட வெகுதூரம் வரும், அப்போது காரைக்கால் மேலேறும். இதைப் பிரிப்பது ட்யூனரின் வேலை. எந்த நிலையத்தைப் பிடித்தாலும் ட்யூனர் உள்ளே அதை 10.7 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றிக்கொள்ளும். அந்த இடத்தில் மூன்று கால் உள்ள செராமிக் ஃபில்டர்கள் சல்லடை மாதிரி உட்கார்ந்திருக்கும். பழைய ட்யூனர்களில் 230, 280 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் போட்டிருப்பார்கள், ஒலி சுத்தமாக வரும் என்பதற்காக. அவற்றை 180 அல்லது 150 அகலத்துக்கு மாற்றினால் பக்கத்து நிலையம் வெட்டுப்படும். சில்லறைக் காசுச் சாமான்தான், ஆனால் மாற்றிய பிறகு அலைன்மென்ட் பார்க்கத் தெரிந்த ஆள் வேண்டும். ‘வைடு’ (அகலம்), ‘நேரோ’ (குறுகல்) என்று சுவிட்ச் உள்ள ட்யூனர் கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள். நம் ஊருக்கென்றே செய்தது மாதிரி இருக்கும்.

சூரியன் விஷயம் அப்படியல்ல. மதுரையிலும் திருச்சியிலும் அது 93.5-தான். ஹலோ எஃப்.எம்.மும் இரண்டு ஊரிலும் 106.4. ஒரே எண்ணில் வரும் இரண்டை எந்த ஃபில்டராலும் பிரிக்க முடியாது. எஃப்.எம்.மின் குணம், இரண்டில் பலமானதை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதை அமுக்கிவிடும். எவ்வளவு பலம் கூடுதல் இருந்தால் அமுக்கும் என்பதை விவரத்தாளில் ‘கேப்சர் ரேஷியோ’ என்று டெசிபலில் போட்டிருப்பார்கள். ஒன்றை ஒட்டி இருந்தால் அருமை, மூன்று என்றால் சுமார். ஆனால் அந்தக் கூடுதல் பலத்தை ஏரியல்தான் கொடுக்க வேண்டும்.

நல்லவேளையாக நமக்குத் திருச்சி ஏறக்குறைய நேர் வடக்கு, மதுரை ஏறக்குறைய நேர் மேற்கு. ஒன்றரை மீட்டர் நீளக் கம்பியை நடுவில் வெட்டி, இரு துண்டுகளிலும் கேபிளைச் சேர்த்து, மூங்கிலில் படுக்கை வாக்கில் கட்டுங்கள். இந்த ஏரியலுக்கு அகலப் பக்கம் காது, நுனிப் பக்கம் செவிடு. கம்பியைக் கிழக்கு மேற்காக வைத்தால் நுனி மதுரையைப் பார்க்கும், திருச்சி கேட்கும். வடக்கு தெற்காகத் திருப்பினால் மதுரை கேட்கும். மொட்டை மாடியில் செய்ய வேண்டும். வீட்டுக்குள் அலை சுவரில் பட்டுத் திரும்பி எல்லாத் திசையிலிருந்தும் வருவதால் இந்த வித்தை பலிக்காது. காரைக்காலை அமுக்க நுனியை வடகிழக்கே திருப்பிப் பாருங்கள். அதிலும் முழுதாகப் போகாவிட்டால் மேற்கே பார்த்த நான்கைந்து குச்சி எஃப்.எம். ஆன்டெனா வாங்குங்கள். மாடியில் துருப்பிடித்துக் கிடக்கும் பழைய தூர்தர்ஷன் ஆன்டெனா உதவாது, அதன் குச்சிகள் வேறு அலைவரிசைக்கு வெட்டியவை.

விலை கூடிய ட்யூனரைப் பற்றி இதற்கெல்லாம் பிறகு பேசுவோம்.


கேள்வி: ஐயா காலத்து ஜெர்மன் வால்வு ரேடியோ ஒன்று இருக்கிறது. அதில் ‘யு.கே.டபிள்யூ’ என்று ஒரு பொத்தான். அதில் எஃப்.எம். வருமா? ஸ்டீரியோவோடு சேர்க்கலாமா?
வாசகர், பள்ளத்தூர்

பதில்: அதுதான் எஃப்.எம்., ஜெர்மன் மொழியில் எழுதியிருக்கிறார்கள். பெரிய அதிசயம், ஏனென்றால் சென்னையில் எஃப்.எம். ஒலிபரப்பு தொடங்கியதே 1977-இல்தான். அதற்கு முன் நம் வீடுகளில் இருந்த மர்ஃபி, புஷ் பெட்டிகளில் மீடியம் வேவ், ஷார்ட் வேவோடு சரி. ஆனால் 1950-களின் ஜெர்மன் டயல் பெரும்பாலும் 100-இல் முடிந்துவிடும். மதுரை மிர்ச்சி 98.3 கேட்கும், கொடைக்கானல் 100.5 அரைக் கோடு தள்ளி வெளியே நிற்கும். உள்ளே இருக்கும் ட்ரிம்மர் திருகைத் துளி திருப்பி உள்ளே கொண்டுவந்துவிடலாம். ஸ்டீரியோ வராது, ஒற்றை ஸ்பீக்கர் ஒலிதான். அதைத் தனியாகவே பாட விடுங்கள். இத்தனை வருடம் ஓடாத பெட்டியை நேரே கரண்டில் செருகாதீர்கள், காய்ந்த கண்டன்சர் வெடிக்கும். 60 வாட் குண்டு பல்பை சீரிஸில் (பல்பு வழியாகத்தான் பெட்டிக்குக் கரண்ட் போகும்படி) போட்டுப் பாருங்கள். பல்பு பிரகாசமாக எரிந்துகொண்டே இருந்தால் உடனே எடுத்துவிட்டு மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள்.


கேள்வி: ஸ்டீரியோ விளக்கு எரிந்தால் ‘உஸ்’ஸென்று சத்தம். மோனோ பொத்தானை அமுக்கினால் சுத்தமாகிவிடுகிறது. ஏன்?
வாசகர், புதுவயல்

பதில்: இடது, வலது வித்தியாசத்தை 38 கிலோஹெர்ட்ஸ் மேல் ஏற்றித் தனியாக அனுப்புகிறார்கள். அந்தப் பகுதியில்தான் இரைச்சல் அதிகம். அதே சிக்னலில் ஸ்டீரியோவுக்கு மோனோவைவிட 20 டெசிபல் அளவுக்கு இரைச்சல் கூடும். ட்யூனர் நன்றாகத்தான் இருக்கிறது, உங்களுக்கு சிக்னல் போதவில்லை. மாடி ஏரியல் போடுங்கள். அதுவரை மோனோவில் கேளுங்கள். பேச்சு நிகழ்ச்சிக்கு ஸ்டீரியோ எதற்கு?


கேள்வி: போனிலேயே எல்லா வானொலியும் வருகிறதே, இந்தப் பாடு எதற்கு?
கல்லூரி மாணவர், காரைக்குடி

பதில்: கட்டாயம் ஒன்றும் இல்லை தம்பி. எஃப்.எம்.மில் 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஒலியே கிடையாது, போனில் அதைவிட நன்றாகக் கேட்க வழி இருக்கிறது. எனக்குக் கனமான குமிழைத் திருப்பி ஒரு நிலையத்தைப் பிடிப்பது பிடிக்கும். உனக்குப் பிடிக்காவிட்டால் காசு மிச்சம்.


கேள்வி: மாடியில் ஆன்டெனா வைத்தால் இடி விழாதா?
வாசகி, கோட்டையூர்

பதில்: ஆன்டெனா இடியை வரவழைக்காது, ஆனால் பக்கத்தில் விழுந்தால் அந்தக் கேபிள் வழியாக ட்யூனருக்குள் வரும். கம்பத்துக்குத் தனியாக எர்த் போடுங்கள். ஐப்பசியில் வானம் கறுக்கும்போதே கேபிளைக் கழற்றிவிடுங்கள், பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். இடி கேட்க ஆரம்பித்த பிறகு கேபிளைத் தொட வேண்டாம்.