மாறன் என்று பெயர் வைத்தால் புத்தி மாறிக்கொண்டே இருக்குமா?

கேள்வி: எங்கள் மகனுக்கு நான்கு மாதம். மாறன் என்று பெயர் வைக்க ஆசை. பெயரியல் பார்ப்பவர் ஒருவர், "கூட்டுத்தொகை 13 வருகிறது, ஆகாது. நிலையில்லாத புத்தி வரும். ஆங்கிலத்தில் இன்னொரு 'ஏ' சேர்த்தால் சரியாகிவிடும்" என்கிறார். இணையத்தில் தேடினால் 'மன்மதன், பெண்களைக் கவர்பவன்' என்று போட்டிருக்கிறது. மாமனார் பயப்படுகிறார். என்ன செய்வது? – ஒரு வாசகி, திருமங்கலம்.

முதலில் இணையத்தை முடித்துவிடலாம் அம்மா. மன்மதனுக்குப் பெயர் மாரன், சின்ன ர. அது வடசொல். புத்தரின் தவத்தைக் கலைக்க வந்தவனுக்கும் அதே பெயர்தான். நீங்கள் வைக்கப்போவது மாறன், பெரிய ற. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே மாதிரி எழுதப்படுவதால், பெயர்ப் பட்டியல் போடுகிறவர்கள் ஒன்றின் பொருளைத் தூக்கி இன்னொன்றின் தலையில் வைக்கிறார்கள். ஒருவர் செய்த பிழையை ஒன்பது பேர் நகலெடுக்கிறார்கள். 'ம-வில் தொடங்கும் பெயருடையவர்கள் இரக்க குணம் உள்ளவர்கள்' என்பதும் அந்தக் கடைச் சரக்குதான்.

'மாறு' என்றாலே 'மாறிப்போவது' என்று உங்கள் பெயரியல்காரர் நினைத்துக்கொண்டார். பழைய தமிழில் அதற்கு 'எதிர்' என்ற பொருள் உண்டு. பகைவரை மாற்றார் என்கிறோமே, அந்த வேர். பகைக்கு எதிர்நிற்பவன் மாறன் என்பதுதான் வழக்கமாகச் சொல்லும் விளக்கம். செழியன், வழுதி போல இதுவும் பாண்டியர்களின் பெயர். பிற்காலத்தில் மாறவர்மன், சடையவர்மன் என்ற பட்டங்களை அவர்கள் மாற்றி மாற்றிச் சூடிக்கொண்டார்கள். 1216-இல் பட்டத்துக்கு வந்து சோழ நாட்டையே புரட்டிப்போட்ட சுந்தர பாண்டியன் ஒரு மாறவர்மன். மதுரைப் பக்கத்தில் இருந்துகொண்டு இந்தப் பெயருக்குப் பயப்படுகிறீர்களே!

நம்மாழ்வாருக்கும் மாறன் என்றுதான் பெயர். பிறந்த பிள்ளை அழவில்லை, பால் குடிக்கவில்லை, உலக வழக்கத்துக்கு மாறாக இருந்தது, அதனால் மாறன் என்று பெயரிட்டார்கள் என்பது வைணவர் சொல்லும் கதை. ஆழ்வார்திருநகரியில் புளியமரத்தடியில் பதினாறு ஆண்டுகள் அசையாமல் உட்கார்ந்திருந்தார் என்றும் அதே கதை சொல்கிறது. நிலையில்லாத புத்தியாம்!

பெயரில் குணம் இருக்கிறதா என்று கேட்பவர்களுக்கு நான் புறநானூற்றைக் காட்டுவது வழக்கம். இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன் என்று ஒரு பாண்டியன். 55-ஆம் பாட்டில் மருதன் இளநாகனார் அவனைச் சூரியன் போன்ற வீரம், நிலா போன்ற குளிர்ச்சி, வானம் போன்ற கொடை மூன்றும் உடையவன் என்கிறார். 196-ஆம் பாட்டில் ஆவூர் மூலங்கிழார் அதே ராஜாவிடம் பரிசுக்குக் காத்துக் காத்துச் சலித்துப்போய், முடிந்ததை முடியும் என்பதும் முடியாததை முடியாது என்பதும் நல்லவர் செயல், நீ செய்தது அப்படியா என்று கேட்டுவிட்டு, உன் பிள்ளைகள் நோயில்லாமல் இருக்கட்டும் என்று சொல்லி வெறுங்கையோடு வீட்டுக்குக் கிளம்புகிறார். ஒரே பெயர், ஒரே ஆள். வள்ளலா, கஞ்சனா?

இனி அந்த 13. எம் 4, ஏ 1, ஆர் 2, ஏ 1, என் 5. கூட்டினால் 13 வருவது உண்மை. ஒரு 'ஏ' சேர்த்தால் 14. அவ்வளவுதான் வித்தை. சீரோ என்ற அயர்லாந்துக்காரர் பரப்பிவிட்ட ஆங்கில எழுத்துக் கணக்கு இது. மா, ற, ன் என்ற மூன்று எழுத்துக்கு அதில் இடமே கிடையாது. "இனிஷியலைச் சேர்த்துக் கூட்டணுமா, சேர்க்காமலா?" என்று அவரைக் கேளுங்கள். தகப்பனார் பெயர் 'எஸ்' என்றால் 3 கூடிவிடும், உடனே வேறு பலன். அடுத்த தெருவில் இருப்பவர் வேறு விதமாகக் கூட்டி, இன்னொரு தட்சிணை வாங்குவார். பயப்படுகிற மாமனார் இருக்கும் வரை இந்தத் தொழிலுக்குக் குறைவில்லை.

ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். அந்த இரண்டாவது 'ஏ' கெட்ட யோசனை அல்ல. அவர் சொன்ன காரணம்தான் தப்பு. ஒரே 'ஏ' போட்டு எழுதினால், வடக்கே உள்ளவர் அதை 'மரண்' என்றுகூட வாசிக்க இடமுண்டு. இந்தியில் அதற்குச் சாவு என்று பொருள். நாளைக்குப் பையன் தில்லியிலோ புனேயிலோ படிக்கப் போனால் தினமும் திருத்திக்கொண்டிருக்க வேண்டும். இரண்டு 'ஏ' போட்டால் நெடிலாக வாசிக்க வாய்ப்பு அதிகம். வாய்ப்பு என்றுதான் சொல்கிறேன், உத்தரவாதம் இல்லை. ஆர் எழுத்தை மட்டும் இரட்டிக்காதீர்கள், 'மார்ரன்' ஆகிவிடும். எப்படி எழுதினாலும் சரி, முதல் நாள் முடிவு செய்ததையே கடைசிவரை எழுதுங்கள். ஆதாரில் ஒன்று, பள்ளிக்கூடத்தில் ஒன்று, பாஸ்போர்ட்டில் ஒன்று என்று ஆனால் எந்த எண்ணும் காப்பாற்றாது.

பிறப்பைப் பதிந்தபோது பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தால் கவலை இல்லை. பதிந்த நாளிலிருந்து 12 மாதம் வரை கட்டணமில்லாமல் சேர்க்கலாம். பதிவு செய்த இடத்திலேயே விண்ணப்பம் கொடுத்தால் போதும். வாசலில் நின்று "நான் முடிச்சுத் தர்றேன்" என்பவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள், இலவசமாக நடக்கிற வேலைக்கு அவர் எதற்கு? ஒருமுறை ஏறிய பெயரை மாற்றுவது லேசில்லை. அதிலும் 2023 அக்டோபர் 1 முதல் பிறக்கும் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் இந்தப் பிறப்புச் சான்றிதழ்தான் பிறந்த தேதிக்கு ஆதாரம்.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் மாறன் என்று எழுதிக் கொடுத்தார்கள், ஆங்கிலத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்தவர் 'மரன்' என்று ஏற்றிவிட்டார். தமிழ்நாட்டில், தமிழ்ப் பெயர், ஆங்கிலம் வழியாகப் போய்த் தமிழுக்குத் திரும்பி வருகிறது! அதைத் திருத்த அந்தத் தகப்பனார் நாலு தடவை லீவு போட்டார். விண்ணப்பத்தில் தமிழில் பெரிதாக, தனித்தனி எழுத்தாக எழுதிக் கொடுங்கள். அச்சடிக்கும் முன் திரையைக் காட்டச் சொல்லுங்கள், முகம் சுளித்தாலும் விடாதீர்கள். துணைக்கால் இருக்கிறதா, பெரிய ற இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வெளியே வாருங்கள்.