ஜப்பானிய சர்வீஸ் புத்தகம்: அச்சடித்த பக்கத்துக்குக் காசு கொடுக்காதீர்கள்

கேள்வி: என் தாத்தா மதராஸ் சாப்பர்ஸ் படையில் பர்மா போர்முனையில் இருந்தவர். அவருடைய டிரங்குப் பெட்டியில் உள்ளங்கை அளவில் ஒரு ஜப்பானியப் புத்தகம் கிடைத்தது. ராணுவ வீரரின் சர்வீஸ் புத்தகம் என்கிறார்கள். செல்போன் செயலியில் காட்டினால் உளறுகிறது. மொழிபெயர்ப்பு ஏஜென்சி ஒன்று எழுத்துக் கணக்கில் பெரிய தொகை கேட்கிறது. ஒருவர் விலைக்கும் கேட்கிறார். என்ன செய்வது? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: ஏஜென்சிக்கு முன்பணம் கொடுத்திருக்கிறீர்களா? இல்லையென்றால் கொடுக்காதீர்கள்.

உங்களிடம் இருப்பது ‘குன்தாய் தெச்சோ’. ஜப்பானியத் தரைப்படை தன் வீரர்களுக்குக் கொடுத்த புத்தகம். அதன் முன்பாதி முழுக்க அச்சு. மெய்ஜி பேரரசர் 1882 ஜனவரி 4 அன்று படையினருக்கு விடுத்த ஆணையுரை அதில் இருக்கும். அது மட்டுமே சுமார் 2,700 எழுத்து. பின்னால் வந்த பேரரசர்களின் உரைகளும் ஒழுங்கு விதிகளும் அதைத் தொடரும். இதெல்லாம் எல்லா வீரர்களுக்கும் ஒன்றுதான். ஆணையுரையின் ஆங்கில மொழிபெயர்ப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. எழுத்துக் கணக்கில் காசு கேட்பவர்களுக்கு லாபமே இந்தப் பாதியில்தான். ஏற்கெனவே மொழிபெயர்த்து வைத்ததை உங்களுக்கு ஒருமுறை, அடுத்தவருக்கு ஒருமுறை என்று விற்கிறார்கள். இப்படி ஏமாந்தவர்கள் எனக்கு எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். கையில் இருபது பக்கம் இருக்கும். அந்த வீரரின் பெயர் மட்டும் அதில் இருக்காது.

உங்களுக்கு வேண்டியது கையால் எழுதிய சில பக்கங்கள்தான். ஒன்றில் பெயர், பிறந்த தேதி, பூர்வீகப் பதிவு முகவரி (குடும்பப் பதிவேடு இருக்கும் ஊர்), படையில் சேருமுன் செய்த தொழில், உயரம். உயரம் பழைய அளவில் இருந்தால் குழம்பாதீர்கள். ஒரு ஷாக்கு 30.3 சென்டிமீட்டர், பத்து சுன் சேர்ந்தால் ஒரு ஷாக்கு. ஐந்து ஷாக்கு இரண்டு சுன் என்றால் ஆள் 157 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். தொப்பி, சட்டை, பூட்ஸ் அளவுக்கும் கட்டங்கள் இருக்கும். கடைசிப் பக்கங்களில் பணி வரலாறு: எந்தத் தேதியில் சேர்ந்தார், எந்தத் துறைமுகத்தில் கப்பல் ஏறினார், எங்கே இறங்கினார். இந்தப் பக்கங்களை மட்டும் பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் போடாமல் படம் எடுத்து, பழைய கையெழுத்து படிக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். புத்தகத்தைக் கொடுக்காதீர்கள். “ஒரிஜினல் இருந்தால்தான் படிக்க முடியும்” என்று யாராவது சொன்னால் அவரிடம் வேலையே வேண்டாம்.

செயலி உளறுவதில் ஆச்சரியமில்லை. போருக்குப் பிறகு ஜப்பான் பல எழுத்துகளின் வடிவத்தைச் சுருக்கிவிட்டது. இது அதற்கு முந்தைய வடிவம், அதிலும் அவசரக் கையெழுத்து. ஆண்டுக் கணக்கை நீங்களே போட்டுவிடலாம். ஜப்பானில் ஆண்டைப் பேரரசரின் ஆட்சிக்காலப் பெயரால் எண்ணுவார்கள். ஷோவா ஆண்டோடு 1925-ஐக் கூட்டுங்கள். ஷோவா 17 என்றால் 1942. தாய்ஷோ என்றால் 1911-ஐக் கூட்ட வேண்டும். படைப்பிரிவின் இடத்தில் ஒற்றை எழுத்தும் எண்ணும் மட்டும் இருந்தால் அது மறைபெயர். செவ்வந்தி என்றால் 18-ஆம் டிவிஷன், வில் என்றால் இம்பாலுக்கு வந்த 33-ஆம் டிவிஷன்.

பூர்வீக முகவரியில் முதல் இரண்டு எழுத்து ‘சோசென்’, அதாவது கொரியா, என்று இருக்கிறதா என்பதைக் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். கொரியா அப்போது ஜப்பானின் காலனி. 1938 முதல் கொரியர்களைத் தன்னார்வலர் என்ற பெயரில் படையில் சேர்த்தார்கள். 1944-ல் கட்டாயமாகவே சேர்த்தார்கள். 1940-க்குப் பிறகு அவர்களில் பெரும்பாலோர் ஜப்பானியப் பெயரில் பதியப்பட்டவர்கள். பெயரை மட்டும் பார்த்தால் ஜப்பானியர் என்றே தோன்றும். குடும்பம் இருப்பது கொரியாவில். பெயரை நம்பி ஜப்பானில் தேடினால் ஆண்டுக்கணக்கில் தேடலாம், ஆள் கிடைக்க மாட்டார். தைவான் வீரர்கள் சிலருக்கும் இது பொருந்தும்.

ஜப்பானில் தரைப்படை வீரர்களின் பணிப் பதிவு பூர்வீக மாகாண அரசிடம் இருக்கிறது. நீங்கள் கேட்டால் தரமாட்டார்கள். அந்த வீரரின் நெருங்கிய உறவினருக்குத்தான் தருவார்கள். போர் முடிந்து எண்பது ஆண்டு ஆன பிறகும், கையில் புத்தகத்தை வைத்துக்கொண்டு “இவர் வீட்டாரைத் தேடுகிறேன்” என்று எழுதுகிறவருக்கு அந்தப் பதிவு கிடைக்காது. உறவினர் யார் என்று தெரிந்தால் நாம் ஏன் அவர்களிடம் போகிறோம்?

விலைக்குக் கேட்பவரிடம் பழம்பொருள் விற்பனை உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலும் அதோடு போன் வருவது நின்றுவிடும். இவர்கள் உங்களிடம் சொற்ப விலைக்கு வாங்கி, நேதாஜி படையோடு தொடர்புள்ளது என்று கதை கட்டி, பல மடங்குக்கு விற்பார்கள். நேதாஜி பெயரைப் பார்த்து நீங்களும் வாங்கப் போகாதீர்கள்.

வீட்டாரிடம் சேர்க்க நினைத்தால், அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் உள்ள ஓபான் சொசைட்டி இதைக் காசு வாங்காமல் செய்கிறது. முதலில் படங்களை மட்டும் அனுப்புங்கள். அவர்கள் கேட்டாலும் புத்தகத்தை உடனே கூரியரில் போட்டுவிடாதீர்கள். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, 75 ஆண்டு கடந்த வரலாற்று மதிப்புள்ள ஆவணமும் தொல்பொருள்தான். தனியார் அதை நாட்டை விட்டு அனுப்பக் கூடாது. கோயில் சிலை கடத்தலைத் தடுக்க வேண்டிய சட்டம், ஒரு வீரரின் புத்தகம் அவர் வீட்டுக்குப் போவதையும் மறிக்கிறது. இதற்கென்று எளிய விலக்கு ஒன்றைச் சேர்க்க யாருக்கும் தோன்றவில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். எனவே தொல்லியல் துறையிடம் எழுத்துமூலம் விண்ணப்பித்து, அது தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழ் கிடைக்குமா என்று கேளுங்கள். பதில் வரும்வரை பிளாஸ்டிக் உறையில் போடாமல் அமிலமில்லாத தாளில் சுற்றி வையுங்கள். கையெழுத்துப் பக்கங்களின் படங்களை இன்றே எடுத்துவிடுங்கள்.