ஹால்ட் ஏஜென்ட் வேறு, ஸ்டேஷன் மாஸ்டர் வேறு: மகளுக்காகக் கேட்ட அம்மாவுக்கு

அன்புள்ள அம்மா,

பி.காம் முடித்த உங்கள் மகளுக்குப் பக்கத்து ஹால்ட் ஸ்டேஷனில் (வண்டி சற்று நேரம் நின்று போகும் சிறு நிறுத்தம்) டிக்கெட் கொடுக்கும் ஏஜென்ட் வேலை வரும்போல் இருக்கிறது, அதில் உட்கார்ந்துவிட்டால் இரண்டு வருடத்தில் ரயில்வே நிரந்தரமாக்கிவிடும் என்று ஒருவர் சொல்கிறார் என எழுதியிருந்தீர்கள். அதற்கு அவர் ஆறு லட்சம் கேட்பதைக் கடிதத்தின் கடைசி வரியில்தான் சொன்னீர்கள். நான் அந்த வரியிலிருந்தே தொடங்குகிறேன். ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

2022-ல் நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் 28 பேரை மோசடிக்காரர்கள் டெல்லிக்கு அழைத்துப் போனார்கள். டி.டி.இ. (டிக்கெட் பரிசோதகர்), கிளார்க் வேலைக்குப் பயிற்சி என்று சொல்லி, புது டெல்லி ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் தினமும் எட்டு மணி நேரம் நிற்கவைத்து, வருகிற வண்டிகளையும் போகிற வண்டிகளையும் எண்ணச் சொன்னார்கள். ஒரு மாதம் எண்ணினார்கள். பறிபோனது மொத்தம் 2.67 கோடி ரூபாய். படித்த பிள்ளைகள்தான், விவரம் தெரியாதவர்கள் இல்லை. ரயில்வே வேலை என்ற சொல் நம் வீடுகளில் அப்படி ஒரு நம்பிக்கையைக் கொடுத்துவிடுகிறது.

இப்போது அந்த ஏஜென்ட் வேலையைப் பார்ப்போம். அது உண்மையாகவே இருக்கிறது. கூட்டம் குறைந்த சிறிய ஸ்டேஷன்களிலும் ஹால்ட்களிலும் சம்பளத்துக்கு ஆள் போட்டால் கட்டுப்படியாகாது என்பதால், ரயில்வேயின் வணிகப் பிரிவு உள்ளூர் ஆள் ஒருவரைக் கமிஷன் அடிப்படையில் ஒப்பந்தம் போட்டு வைக்கிறது. முன்பதிவில்லாத டிக்கெட்டை மட்டும்தான் அவர் விற்கலாம். விற்ற தொகையில் இவ்வளவு என்று கமிஷன். பி.எஃப். இல்லை, ரயில்வே பாஸ் இல்லை, சம்பளத்தோடு விடுப்பு இல்லை. எத்தனை வருடம் உட்கார்ந்தாலும் நிரந்தர வேலை கேட்க அது உரிமை தராது. ஒப்பந்தக் காலம் முடிந்தால் முடிந்ததுதான்.

அது மட்டமான வேலை என்று நான் சொல்ல வரவில்லை. காலையில் பாசஞ்சர் வருகிற நேரத்தில் அந்த ஜன்னல் முன்னால் ஒருமுறை நின்று பாருங்கள். வண்டி நிற்பது ஒரு நிமிடம். கூடைக்காரம்மாக்கள், பள்ளிப் பிள்ளைகள், ஆஸ்பத்திரிக்குப் போகிற தாத்தா எல்லோரும் அந்தக் கடைசி ஐந்து நிமிடத்தில்தான் வருவார்கள். பத்து ரூபாய் டிக்கெட்டுக்கு ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டுவார்கள். சில்லறை தேடிக் கொடுத்து, கோபப்படாமல் பேசி, ராத்திரி கணக்கு முடிக்கும்போது பணம் சரியாக இருக்க வேண்டும். குறைந்தால் கைக்காசுதான். இதைத் திறமையாகச் செய்கிற பெண்ணுக்கு எந்தக் கவுண்டரும் பயமாக இருக்காது.

ஆனால் இப்போது கைபேசியிலேயே டிக்கெட் எடுத்துவிடுகிறார்கள். அப்படி எடுக்கிற ஒவ்வொரு டிக்கெட்டும் ஏஜென்டின் கமிஷனில் குறைகிறது. ஆகவே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன், அந்த ஹால்ட்டில் போன பன்னிரண்டு மாதம் ஜன்னலில் விற்ற தொகை எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள். கமிஷன் விகிதம், வைப்புத்தொகை, ஒப்பந்தக் காலம் மூன்றையும் தாளில் பாருங்கள். வீட்டுக்குப் பக்கம், வண்டிக்கும் வண்டிக்கும் நடுவே படிக்க நேரம் கிடைக்கும் என்றால் ஒரு வருடம் பார்க்கட்டும். அதையே வாழ்க்கையாக வைத்துக்கொள்ள நான் சொல்ல மாட்டேன்.

உங்கள் மகள் குறி வைக்க வேண்டியது ரயில்வே ஆள்சேர்ப்பு வாரியம் (ஆர்.ஆர்.பி.) நடத்தும் என்.டி.பி.சி. தேர்வு, அதாவது தொழில்நுட்பம் சாராத பதவிகளுக்கான தேர்வு. பன்னிரண்டாம் வகுப்புத் தகுதியில் டிக்கெட் கிளார்க் வேலைக்கு அடிப்படைச் சம்பளம் 21,700 ரூபாய். பட்டதாரித் தகுதியில் ஸ்டேஷன் மாஸ்டருக்கும் வணிகப் பிரிவின் டிக்கெட் சூப்பர்வைசருக்கும் 35,400. அகவிலைப்படி எல்லாம் இதற்கு மேல். இரண்டுக்கும் தனித்தனி அறிவிப்பு வரும், அவள் இரண்டுக்குமே விண்ணப்பிக்கலாம். தமிழிலேயே எழுதலாம். பொதுப் பிரிவுக்குக் கட்டணம் 500, முதல் கட்டத் தேர்வை எழுதிவிட்டால் அதில் 400 திரும்ப வரும். பெண்களுக்கு 250, எழுதினால் அதுவும் திரும்பிவிடும். ஆறு லட்சத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள் அம்மா.

ஸ்டேஷன் மாஸ்டர் என்றால் டிக்கெட் கொடுப்பவர் என்றுதான் ஊரில் பலரும் நினைக்கிறார்கள். ஒரு சிறிய ஸ்டேஷனில் இரவு வேலையைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அடுத்த ஸ்டேஷனிலிருந்து போன் வருகிறது. வண்டி எண் சொல்லி, பேச்சை உறுதிசெய்யும் ரகசிய எண்ணான ஒரு பிரைவேட் நம்பர் கொடுத்து, இவரும் ஒரு நம்பர் கொடுத்து, நிமிடம் பிசகாமல் பதிவேட்டில் எழுதுகிறார். சிக்னல் கொடுத்துவிட்டுப் பச்சை விளக்கோடு வெளியே வந்து நிற்கிறார். எக்ஸ்பிரஸ் தடதடவென்று கடக்கிறது. அவர் கண் எஞ்சினில் இல்லை, சக்கரங்களில் இருக்கிறது: எங்காவது புகைகிறதா, ஏதாவது தொங்குகிறதா என்று பார்க்கிறார். கடைசிப் பெட்டியின் பின்னால் சிவப்பு விளக்கைக் கண்ட பிறகுதான் வண்டி முழுதாகப் போயிற்று என்று உள்ளே திரும்புகிறார். உள்ளே தூங்குகிற ஆயிரம் பேருக்கு இவர் ஒருவர் நின்றதே தெரியாது. எனக்கு அன்று வந்த மரியாதை இன்னும் போகவில்லை.

இந்த வேலைக்குக் கண் மிக முக்கியம். கண்ணாடி இல்லாமலே இரண்டு கண்ணிலும் 6/9 பார்வை வேண்டும், நிறப்பார்வை வேண்டும். கண்ணாடியைத் தவிர்க்க லேசர் மூலம் செய்யும் லேசிக் அறுவை செய்தவர்களை எடுக்க மாட்டார்கள். என்னிடம் வந்த ஒரு பையன் இரண்டு கட்டத் தேர்வையும் தாண்டி, அதன் பிறகு வருகிற கணினி வழி மனத்திறன் சோதனையிலும் தேறி, மருத்துவப் பரிசோதனையில் நிறப்பார்வை சரியில்லை என்று வெளியே வந்தான். அதற்குப் பதிலாக வேறு பதவி தர மாட்டார்கள். விருப்ப வரிசையில் டிக்கெட் சூப்பர்வைசரை முதலில் போட்டிருந்தால் இன்று வேலையில் இருப்பான். அந்தப் பதவிக்கு நிறப்பார்வை கட்டாயம் இல்லை, கண்ணாடி போட்டவர்களும் வரலாம். விண்ணப்பத்துக்கு முன்பே அவனைக் கண் டாக்டரிடம் அனுப்பாதது என் தவறு. அன்றிலிருந்து யார் வந்தாலும் முதலில் கண் சோதனைச் சீட்டைத்தான் கேட்கிறேன்.

பெண் பிள்ளை, இரவு வேலை என்று பயப்படுகிறீர்கள். பயம் நியாயமானதுதான், மறைக்க மாட்டேன். ஸ்டேஷன் மாஸ்டராகப் போனால் இரவு ஷிஃப்ட் உண்டு, வண்டி குறைந்த இடங்களில் பன்னிரண்டு மணி நேர வேலை முறையும் உண்டு, தீபாவளிக்கும் லீவு கிடைக்காமல் போகலாம். பெண்கள் அந்த நாற்காலியில் இருக்கிறார்கள். முடிவை அவள் எடுக்கட்டும். ஒரு நாள் அவளை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போய், வேலை ஓய்ந்த நேரத்தில் அங்கே இருப்பவரிடமே பேசவிடுங்கள்.

படிப்புக்கு வருகிறேன். முதல் கட்டத் தேர்வில் 90 நிமிடத்தில் 100 கேள்வி. பொது அறிவு 40, கணக்கு 30, ரீசனிங் 30. தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் போகும். பி.காம் படித்தவளுக்குச் சதவீதமும் வட்டியும் பழக்கம், அவளுக்கு இடறுவது பொது அறிவில் வருகிற அறிவியலாக இருக்கும். ஆறாம் வகுப்பிலிருந்து பத்து வரையான அறிவியல் பாடநூல்களை எடுத்துக் கொடுங்கள். ஆறு மாதம், தினமும் மூன்று மணி நேரம், வாரம் ஒரு மாதிரித் தேர்வு. கோச்சிங் சேர்ந்தே ஆக வேண்டும் என்பதில்லை.

இந்த வாரம் கண் டாக்டர். அந்த ஆளுக்கு ஏற்கெனவே முன்பணம் ஏதாவது கொடுத்திருந்தால், கூச்சப்படாமல் மாவட்டக் குற்றப்பிரிவில் எழுதிக் கொடுங்கள். அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளை அழித்துவிடாதீர்கள்.