அங்கீகாரம் கேட்பது அவிசுவாசம் அல்ல

டாலஸ் பக்கத்திலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். மகளுக்குச் சிறுபிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதில்தான் ஆசை; மூன்று வருடமாக சண்டே ஸ்கூல் எடுக்கிறாள். போதகரும் பெரியப்பாவும் தங்களுக்குத் தெரிந்த சிறிய பாப்டிஸ்ட் கல்லூரியில் சேர்க்கச் சொல்கிறார்கள். அதற்கு அங்கீகாரம், அதாவது கல்வித் தரத்தைச் சோதித்து வெளி அமைப்பு தரும் ஒப்புதல், இல்லை. கேட்டால் விசுவாசம் இல்லாதவள் என்பார்களோ என்று தயங்குகிறார்.

கேளுங்கள் சகோதரி, கேட்டே ஆக வேண்டும். மதப் பட்டம் வழங்க மாநில அனுமதி தேவையில்லை என்று அந்தக் கல்லூரிக் கையேட்டில் நீங்கள் அடிக்கோடிட்டு அனுப்பிய வரி உண்மைதான். டெக்சஸ் உச்ச நீதிமன்றம் 2007-இல் அப்படித் தீர்ப்பளித்தது. ஆனால் அந்தப் பட்டத்தைக் காட்டி அரசுப் பள்ளி ஆசிரியர் சான்றிதழ் வாங்க முடியாது.

அங்கீகாரம் வாங்கினால் அரசாங்கம் உள்ளே நுழைந்துவிடும் என்கிறாராம் பெரியப்பா. நான் ஏற்கவில்லை. அதைத் தருவது தனியார் அமைப்புகள். பல காலம் வேண்டாம் என்றிருந்த கிறிஸ்தவக் கல்வி நிறுவனங்களான பாப் ஜோன்ஸ் 2006-இலும் பென்சகோலா கிறிஸ்டியன் 2013-இலும் டிராக்ஸ் என்ற கிறிஸ்தவ அமைப்பிடம் வாங்கின. வேதாகமத்தை மூடிவைத்துவிட்டா வாங்கின?

அப்புறம் பணம். மகள் அமெரிக்கக் குடிமகள், உங்கள் வருமானமும் குறைவு. குறைந்த வருமானக் குடும்பத்து மாணவர்களுக்கு அமெரிக்க அரசு தரும் பெல் உதவித்தொகை 2025-26-இல் அதிகபட்சம் 7,395 டாலர். அங்கீகாரமில்லாத கல்லூரியில் ஒரு சென்ட் கிடைக்காது. நான்கு வருடத்துக்கு 29,580 டாலர் வரை போய்விடும். அங்கே கட்டணம் குறைவு என்று சொல்பவர்களிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

அதற்காக அவளைக் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு இழுக்காதீர்கள். பாப்டிஸ்ட் சூழலும் வேண்டும், செல்லுபடியாகும் பட்டமும் வேண்டும் என்றால் மாரநாதா பாப்டிஸ்ட் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். விஸ்கான்சின் மாநிலத்தில் மில்வாக்கிக்கும் மேடிசனுக்கும் நடுவே வாட்டர்டவுன் என்ற சிற்றூரில், 1968-இல் சுயாதீன பாப்டிஸ்டுகள் தொடங்கியது. 1993-இலேயே ஹையர் லேர்னிங் கமிஷன் என்ற அமைப்பின் அங்கீகாரம் பெற்றது. மேடிசனில் இருக்கும் பெரிய விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்கும் அங்கீகாரம் தருவது அதே அமைப்புதான். அதனால் பிறகு முதுகலைக்கோ வேறு கல்லூரிக்கோ போக நினைத்தால் இந்தப் படிப்பு வீணாகாது. தொடக்கப் பள்ளி ஆசிரியர் படிப்பு இருக்கிறது. டாலஸ் பிள்ளைக்கு அந்தக் குளிர் கடினம்தான். ஒருமுறை ஜனவரியில் கூட்டிப்போய்க் காட்டுங்கள், அவளே சொல்லட்டும்.

இந்த வாரமே அங்கு எழுதி இரண்டு கேள்விகள் கேளுங்கள்: உதவித்தொகை போக நாங்கள் கட்ட வேண்டியது எவ்வளவு? இந்தப் பட்டத்தை வைத்து டெக்சஸ் சான்றிதழ் பெற என்ன செய்ய வேண்டும்? பதில் எழுத்தில் வரும்வரை, பெரியப்பா சொல்லும் கல்லூரிக்கு முன்பணம் கட்டாதீர்கள்.