சிக்னலில் நின்றால் ஏசி சூடாகிறதா? கேஸுக்கு முன் ஃபேனைப் பாருங்கள்

கேள்வி: என்னிடம் 2013 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக் இருக்கிறது. பைபாஸில் ஓடும்போது ஏசி ஜில்லென்று இருக்கிறது. ஊருக்குள் வந்து சிக்னலில் நின்றால் ஐந்தே நிமிடத்தில் வெறும் காற்றுதான். இரண்டு மாதத்துக்கு முன்புதான் கேஸ் அடைத்தேன். மறுபடி கேஸ் போட வேண்டும், கம்ப்ரசரும் போயிருக்கலாம் என்கிறார் மெக்கானிக். வீட்டிலேயே எதையாவது பார்த்துச் சரிசெய்ய முடியுமா? காருக்கு அடியில் தண்ணீரும் சொட்டுகிறது. அது கேஸ் லீக்கா? — வாசகர், திருச்சி.

பதில்: பர்ஸைத் திறக்க வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். பாதிப் பதில் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. ஓடினால் குளிர்கிறது, நின்றால் குளிரவில்லை. அப்படியென்றால் ஓடும்போது கிடைக்கிற ஏதோ ஒன்று நிற்கும்போது கிடைக்கவில்லை. பெரும்பாலும் அது காற்று.

கார் ஏசி குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கிற சூட்டை அள்ளிக்கொண்டு போய் வெளியே கொட்டுகிறது. அள்ளுவது டேஷ்போர்டுக்குள் ஒளிந்திருக்கும் கூலிங் காயில். கொட்டுவது பம்பருக்குப் பின்னால், ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் கண்டென்சர். வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே கண்டென்சரைக் குளிர்விக்கும். நின்றுவிட்டால் அந்த வேலையை ஃபேன்தான் செய்தாக வேண்டும். அது செய்யாவிட்டால் கேஸ் நிறைய இருந்தும் பயனில்லை.

ஒரு சிக்கலும் உண்டு. கேஸை அழுத்திக் குழாய்க்குள் சுற்றவிடும் பம்புதான் கம்ப்ரசர். தேய்ந்த கம்ப்ரசரும் ஐடிலில், அதாவது வண்டி நின்று எஞ்சின் மெதுவாக ஓடும்போது தடுமாறி, வேகம் எடுத்தால் நன்றாக வேலை செய்யும். உங்கள் மெக்கானிக் சொல்வது முழுக்கத் தப்பு என்று இங்கிருந்தபடி நான் சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டையும் பிரித்துப் பார்க்க காசு செலவில்லாத மூன்று சோதனைகள் இருக்கின்றன. வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்துங்கள். மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓட விடாதீர்கள், புகை ஆளைக் கொல்லும். துண்டு, துப்பட்டா, தொங்கும் வேட்டி நுனி எதுவும் பேனட் பக்கம் போகக் கூடாது.

முதலில் காகிதம். எஞ்சினை ஓடவிட்டு ஏசியை முழுக் குளிரில் வையுங்கள். கார் முகப்பு வலைக்கு முன்னால் ஒரு செய்தித்தாள் தாளைப் பிடியுங்கள். ஃபேன் ஓடினால் தாள் வலையோடு ஒட்டிக்கொள்ளும். ஓரிரு நிமிடம் கழித்தும் ஒட்டவில்லை என்றால் ஃபேன் நிற்கிறது, அல்லது மெதுவாகச் சுற்றுகிறது. தாள் வெளிப்பக்கம் தள்ளப்பட்டால் சிரிக்காதீர்கள், மோட்டார் மாற்றும்போது வயரைத் திருப்பி இணைத்த வண்டிகளும் பட்டறைக்கு வருவதுண்டு.

அடுத்தது ஆக்ஸிலேட்டர். வண்டி நின்ற இடத்திலேயே, நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டு, 2,000 ஆர்.பி.எம். வரை ஒரு நிமிடம் மிதித்துப் பிடியுங்கள். காற்று குளிர ஆரம்பித்தால் கம்ப்ரசர் அல்லது கேஸ் பக்கம் சந்தேகம் போகலாம். மிதிக்க மிதிக்க இன்னும் சூடானால் குற்றவாளி கண்டென்சர் பக்கம்தான் இருக்கிறது.

எனக்கு மிகப் பிடித்தது மூன்றாவது சோதனை, தண்ணீர். ஏசி சூடாக வீசும் நேரத்தில், முன் வலை வழியாகக் கண்டென்சர் மேல் பூவாளியால் மெல்லத் தண்ணீர் தெளியுங்கள். ஃபேன் மோட்டார், வயர் இணைப்புகள் பக்கம் பீய்ச்சக் கூடாது. ஒருவரை உள்ளே உட்கார வைத்து காற்று வரும் நடு வென்டில் அறைச் சூடு பார்க்கும் சாதாரணத் தெர்மாமீட்டர் ஒன்றைச் செருகுங்கள், காய்ச்சல் பார்ப்பது வேண்டாம். ஓரிரு நிமிடத்தில் சூடு மளமளவென்று இறங்கினால் விவாதம் முடிந்தது. உங்கள் கம்ப்ரசர் நன்றாக இருக்கிறது, கேஸும் இருக்கிறது. சூடு வெளியே போக வழியில்லாமல் தவித்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஃபேன் ஓடவில்லை என்று தெரிந்தால், எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துவிட்டு, பேட்டரி நெகடிவ் வயரையும் கழற்றுங்கள். சில கார்களில் சூடு இருந்தால் எஞ்சின் அணைந்த பிறகும் ஃபேன் தானாகச் சுழலும், விரல் போய்விடும். எல்லாம் ஆறியபின் இறக்கையைக் கையால் சுற்றிப் பாருங்கள். லேசாகச் சுழல வேண்டும். இறுகியிருந்தால் மோட்டார் போயிற்று. சுழன்றால் ஃப்யூஸ் பெட்டியைத் திறங்கள். மூடியின் உள்பக்கம் எது எந்த ஃப்யூஸ் என்று படம் போட்டிருக்கும். எரிந்த ஃப்யூஸுக்குப் பதில் அதே ஆம்பியரில் மட்டும் போடுங்கள், பெரியதைப் போட்டால் வயரே பற்றும். அதே பெட்டியில் ரிலே எனும் மின் சுவிட்சுகளும் இருக்கும். ஃபேன் ரிலேயும் ஹார்ன் ரிலேயும் ஒரே எண் கொண்டவையாக இருந்தால் இடம் மாற்றிச் செருகி, பேட்டரி வயரை மாட்டி, ஏசியைப் போட்டுப் பாருங்கள். ஃபேன் ஓடி ஹார்ன் ஊமையானால் நோய் பிடிபட்டுவிட்டது. வயரையும் ஒரு பார்வை பாருங்கள். மழைக்காலத்தில் எலி பேனட்டுக்குள் குடியேறி முதலில் கடிப்பது வயரைத்தான்.

ஃபேன் நன்றாக ஓடியும் தண்ணீர் ஊற்றினால்தான் குளிர்கிறது என்றால் பெரும்பாலும் கண்டென்சர் அடைத்திருக்கும். பத்து வருட வண்டியில் தூசி, பூச்சி, பாலித்தீன் துணுக்கு எல்லாம் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையே மெத்தை போலப் படிந்திருக்கும். தோட்டக் குழாயின் சாதாரண வேகத்தில், முடிந்தால் எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, எஞ்சின் ஆறிய நிலையில் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியை அருகில் கொண்டுபோனால் அலுமினிய இதழ்கள் மடங்கிவிடும். கடையில் விற்கும் ஆசிட் பொடி வேண்டவே வேண்டாம்.

இனி கேஸ் விஷயம். நானும் தொழில் பழகிய காலத்தில் குளிரவில்லை என்று வண்டி வந்தால் முதலில் கேஸ் பாட்டிலைத்தான் தேடுவேன். அது தப்பு. ஏசி கேஸ் பெட்ரோல் போலத் தீர்ந்துபோகிற பொருள் இல்லை, மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. ரப்பர் ஹோஸ் வழியாக வருடக்கணக்கில் கொஞ்சம் கசியலாம். இரண்டு மாதத்தில் குறைந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது, அதை அடைக்காமல் கேஸ் அடைப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் எடுப்பதுதான். கேஸோடு எண்ணெயும் கசியும் என்பதால், குழாய் இணைப்புகளில் எங்கே தூசி எண்ணெய்ப் பிசுக்காக ஒட்டியிருக்கிறது என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

போன முறை எப்படி அளந்து அடைத்தார்கள் என்று கேளுங்கள். ‘கேஜ் பார்த்து’ என்றால், அதாவது அழுத்தமானியை மட்டும் பார்த்து என்றால், எனக்குச் சந்தேகம் வரும். வீட்டு சிலிண்டரை நினைத்துப் பாருங்கள். பாதி இருந்தாலும் கால் இருந்தாலும் அடுப்பு ஒரே மாதிரிதான் எரியும், எவ்வளவு மிச்சம் என்று தூக்கிப் பார்த்தால்தான் தெரியும். உங்கள் வண்டியின் ஆர்-134ஏ கேஸும் அப்படித்தான். எஞ்சின் நிற்கும்போது 30 டிகிரி சூட்டில் அழுத்தம் 97 பி.எஸ்.ஐ. அளவில் நிற்கும், உள்ளே திரவம் கொஞ்சம் இருந்தாலும் நிறைய இருந்தாலும். எஞ்சின் ஓடும்போது காட்டும் அழுத்தம் உதவும், ஆனால் ஃபேன் கெட்ட வண்டியில் அதுவும் பொய் சொல்லும். எடை போட்டு அடைப்பதே சரி. எத்தனை கிராம் என்று பேனட்டுக்கு அடியில் ஸ்டிக்கர் இருக்கும். சிறிய கார்களுக்குப் பொதுவாக அரை கிலோவுக்குள்தான். கூடுதலாக அடைத்தாலும் இதே கோளாறு வரும்: நின்றால் அழுத்தம் எகிறும், குளிர் போகும், கம்ப்ரசரும் நோகும்.

கேஸ் வேலையை மட்டும் வீட்டில் செய்யாதீர்கள். ஆர்-134ஏ மைனஸ் 26 டிகிரியில் கொதிக்கும், தோலிலோ கண்ணிலோ பட்டால் உறைந்து புண்ணாகும். காற்றில் திறந்துவிட்டால் கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் பூமியைச் சூடாக்கும். மெஷின் வைத்திருக்கும் கடையில் பழைய கேஸை இழுத்து, எத்தனை கிராம் வந்தது என்று குறித்துத் தரச் சொல்லுங்கள். அந்த எண்ணை ஸ்டிக்கரோடு ஒப்பிட்டால் கசிவா, கூடுதலா என்று உங்களுக்கே தெரிந்துவிடும். பிறகு அரை மணி நேரமாவது வேக்கம் போட்டு, அதாவது குழாய்க்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்து, அந்த வெற்றிடம் குறையாமல் நிற்கிறதா என்று பார்த்து, எடை போட்டு அடைக்கட்டும்.

மற்றபடி, குளிர் இருந்தும் காற்றே குறைவாக வந்தால் கேபின் ஃபில்டரைப் பாருங்கள், பல கார்களில் அது டேஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால் இருக்கும். ஒரு மணி நேரம் ஓட்டியபின் காற்று சுருங்கி, ஏசியை அணைத்துப் போட்டால் சரியாகிறது என்றால் கூலிங் காயிலில் பனி கட்டுகிறது. அது பெரும்பாலும் சென்சர் கோளாறு.

காருக்கு அடியில் சொட்டுவது கேஸ் இல்லை. கேஸ் கசிந்தால் ஆவியாகப் போய்விடும், சொட்டாது. அது கூலிங் காயிலில் வியர்க்கும் தண்ணீர், சொட்டுவதுதான் நல்லது. வெளியே சொட்டாமல் முன் இருக்கை மேட் நனைந்தால்தான் வடிகுழாய் அடைத்திருக்கிறது என்று அர்த்தம்.