கடைசி வார்த்தை யார் காதில் விழுந்தது?

கேள்வி: "நீயுமா புரூட்டஸ்?" என்று சீசர் நிஜமாகவே கேட்டாரா?

அது ஷேக்ஸ்பியர் புண்ணியத்தில் பரவிய வசனம். சீசர் கொல்லப்பட்டது கி.மு. 44-ல், நாடகம் வந்ததோ 1,600 வருடங்களுக்கு அப்புறம். ரோமானிய எழுத்தாளர் சூட்டோனியஸ், முதல் குத்துக்கு ஒரு முனகல், அதோடு சரி, வேறு பேச்சே இல்லை என்கிறார். "நீயுமா, குழந்தாய்?" என்று கிரேக்கத்தில் கேட்டதாகச் சிலர் சொல்வதையும் சேர்த்து எழுதி வைத்திருக்கிறார். என்னைக் கேட்டால், முனகலைத்தான் நம்புவேன். இருபத்து மூன்று குத்து வாங்குகிறவருக்கு வசனம் எங்கே வரும்?

கேள்வி: கருந்தாடி என்ற கடற்கொள்ளையர் பிளாக்பியர்ட் சாகும்போது சபித்தாராமே?

சபித்தது உண்மை. ஆனால் அது சண்டை தொடங்கும் முன்பு. 1718 நவம்பர் 22, அமெரிக்கக் கரையோர ஓக்ரகோக் தீவருகே அவரை மடக்கிய கடற்படை அதிகாரி மேனார்ட் ஒரு கடிதத்தில் எழுதுகிறார்: கோப்பையைத் தூக்கி எங்கள் நாசத்துக்கென்று குடித்தான், கோழை நாய்க்குட்டிகள் என்று திட்டினான், உயிர்ப்பிச்சை கொடுக்கவும் மாட்டேன், கேட்கவும் மாட்டேன் என்றான். பிறகு ஐந்து குண்டுக் காயம், இருபது வெட்டு. விழும்போது என்ன சொன்னார் என்று அதில் ஒரு வரிகூட இல்லை.

கேள்வி: தூக்குமேடையில் கொள்ளையர்கள் கிண்டல் பேசியதெல்லாம் கட்டுக்கதையா?

எல்லாமே அப்படி இல்லை. எனக்குப் பிடித்தவர் வில்லியம் ஃபிளை. கொடுமைக்காரக் கேப்டனைக் கடலில் வீசிவிட்டுக் கப்பலைப் பிடித்தவர். 1726 ஜூலை 12, பாஸ்டன். கையில் பூச்செண்டோடு உற்சாகமாக மேடை ஏறினார். சுருக்கைப் பார்த்தார், பிடிக்கவில்லை. "உன் தொழிலே உனக்குத் தெரியவில்லையே" என்று தூக்குப் போடுபவரைக் கடிந்துகொண்டு, தன் கையாலேயே முடிச்சைத் திருத்திப் போட்டார். மன்னிப்புக் கேட்பார் என்று கூட்டம் எதிர்பார்த்தது. அவரோ, கப்பல் தலைவர்கள் மாலுமிகளுக்குச் சம்பளத்தை ஒழுங்காகக் கொடுத்து மரியாதையாக நடத்தட்டும், இல்லையென்றால் என் கேப்டனுக்கு நேர்ந்ததுதான் என்று எச்சரித்தார். இதைப் பதிவு செய்தவர், அவரை மனந்திருப்ப முயன்று தோற்ற பாதிரியார் காட்டன் மேதர். எதிராளியே எழுதியதால் எனக்கு நம்பிக்கை கூடுகிறது. ஆனால் அந்தத் துணிச்சலுக்கு நடுவே கையும் முழங்காலும் நடுங்கின என்றும் அதே மேதர் சேர்க்கிறார். அது அவர் கண்ணில் பட்டதா, அவருடைய ஆசையா?

கேப்டன் கிட் கதை வேறு. 1701-ல் லண்டனில் அவரைத் தூக்கிலிட்டபோது கயிறு அறுந்து உயிரோடு கீழே விழுந்தார். மறுபடி ஏற்றினார்கள். முதல் தடவை போதையில் இருந்தவர் இரண்டாம் தடவை மனம் திருந்தினார் என்கிறார் சிறைப் பாதிரியார். இப்படிப்பட்ட மரண அறிக்கைகளை அச்சடித்து விற்பது அவருக்குக் கூடுதல் வருமானம் என்பதையும் மறக்க வேண்டாம்.

கேள்வி: "முடிந்தவன் என் புதையலைக் கண்டுபிடி" என்று ரகசியக் குறிப்பை வீசிய கொள்ளையன்?

ஒலிவியே லெவசர். 1730-ல் இந்தியப் பெருங்கடலின் ரீயூனியன் தீவில் தூக்கு. 1721-ல் அவர் கூட்டாளிகளோடு கோவாவிலிருந்து வந்த போர்த்துகீசியக் கப்பலைக் கொள்ளையடித்தது வரலாறு. குறிப்பு வெளியுலகுக்குத் தெரிந்ததோ 1930-களில்தான். மண்வெட்டி வாங்கும் முன் யோசியுங்கள்.

கேள்வி: ஐன்ஸ்டீன்?

1955 ஏப்ரல் 18, பிரின்ஸ்டன் மருத்துவமனை, பின்னிரவு. ஜெர்மனில் ஏதோ முணுமுணுத்தார். பக்கத்தில் இருந்த செவிலியருக்கு ஜெர்மன் தெரியாது.